குற்றவாளிக் கூண்டில் ஒரு ரிலே

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில், அதாவது நம் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று வழங்கும் அந்த உயரமான கட்டடங்களில், வாட்டுத் தொட்டிகளின் காற்றாடிகளும் கொழுந்தை உருட்டும் ரோலர்களும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கையில், சுவரோரமாக நிற்கும் இரும்புப் பெட்டிகளைக் கவனித்துப் பார்ப்பவர் வெகு சிலரே. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கவும் நிறுத்தவும் ஒரு கொன்டக்டர். அதனோடு பிணைந்து, மோட்டார் தன் சக்திக்கு மிஞ்சிய பாரத்தை இழுத்துச் சூடேறும்போது கரண்டைத் துண்டித்துவிடும் ஒரு ரிலே. நள்ளிரவில் ரோலர் ஒன்று திடீரென நின்றுபோனால், எலெக்ட்ரீசியன் வந்து பெட்டியைத் திறந்து, திருப்புளியின் பிடியால் ரிலேயை இரண்டு தட்டுத் தட்டி, பொத்தானை அமுக்கிப் பார்ப்பார். ரோலர் சுழலும். "இப்ப சரியாப் போச்சு, ஐயா" என்று டீமேக்கரிடம் சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொள்வார். கொழுந்து தப்பியது, தொழிற்சாலையைப் பொறுத்தமட்டில் விவகாரமும் அத்துடன் தீர்ந்தது.

இதே காரியத்தை ஓர் அணுமின் நிலையத்தில் ஒருவர் செய்வாராயின், அவர் சாட்சியத்தை அழித்தவராகவே கருதப்படுவார். ரிலே ஏன் தவறிற்று, உண்மையில் அதுதான் தவறிற்றா, அல்லது தன் கடமையைச் சரிவரச் செய்த ஒரு சாதனத்தின்மேல் நாம் வீண்பழி சுமத்துகிறோமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த இரண்டு தட்டில் உதிர்ந்து போய்விடுகிறது. கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு பொருளைப் பற்றி இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

ரிலே என்பது ஒரு சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு ஒரு பெரிய மின்னோட்டத்தை ஆளும் சாதனம். மெல்லிய செம்புக் கம்பியைப் பலநூறு சுற்றுகளாகச் சுற்றிய ஒரு சுருள். அதில் மின்சாரம் பாயும்போது காந்தமாகிற ஓர் இரும்புக் கட்டை. அக்காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு சிறு நெம்புகோல். மின்சாரம் அற்றதும் நெம்புகோலைப் பழைய ஸ்தானத்துக்கு மீட்கும் ஒரு வில். நெம்புகோலின் அசைவினால் ஒன்றையொன்று தொடவும் விலகவும் செய்கிற, பெரும்பாலும் வெள்ளி முகம் கொண்ட, தொடுமுனைகள்: இவ்வளவே அதன் சரீரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தந்திச் செய்தி நெடுந்தூரம் சென்று க்ஷீணித்துப் போகாமல் இருப்பதற்காகப் பிறந்த இந்தச் சாதனம், பின்னர் மின்சார உலகத்தின் காவற் கடமைக்கு வந்து சேர்ந்தது. கம்பியில் ஓடும் மின்சாரம் மிஞ்சுகிறதா, மின்னழுத்தம் தாழ்கிறதா, அதிர்வெண் குறைகிறதா, நெடுந்தூரக் கம்பியில் எத்தனையாவது மைலில் பழுது நேர்ந்தது என்றெல்லாம் அளந்து பார்த்து, ஒரு கணத்தின் சிறு பின்னத்துக்குள் கட்டளையிடும் ரிலேக்கள் நம் லக்ஷபான, கொத்மலை மின் நிலையங்களிலும் இருக்கின்றன. மின்மாற்றியின் எண்ணெய்க்குள் வாயு திரள்வதைக் கண்டு எச்சரிக்கும் ரிலே ஒன்றுண்டு. 1921இல் அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியரின் பெயரால் இன்றும் அது புக்ஹோல்ட்ஸ் ரிலே என்றே வழங்குகிறது. புதிய ரிலேக்களுக்குள் சுருளும் இல்லை, நெம்புகோலும் இல்லை, நுண்கணினியே உண்டு; ஆயினும் 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட அணுமின் நிலையங்களின் அலமாரிகளில் பழைய காந்த ரிலேக்கள் இன்னமும் நூற்றுக்கணக்கில் வீற்றிருக்கின்றன.

அவற்றுள் இருவகை உண்டென்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உலையை நிறுத்தும் கடமை பூண்ட ரிலேக்களின் சுருளில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தாலும், மின்சாரமே நின்றாலும், சுருள் காந்தத்தை இழந்து தொடுமுனை விலகி உலை தானாக நின்றுவிடட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். யுக்தி மிக நேர்த்தியானது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓயாது மின்சாரம் ஏந்தி நிற்கும் சுருள் சூடாகவே இருக்கிறது. அச்சூட்டில் கம்பியின் காப்புப் பூச்சு உலர்ந்து வெடிக்கிறது, சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் நொறுங்குகிறது, அதிலிருந்து கிளம்பும் ஆவி தொடுமுனைகளின்மேல் படிகிறது. மற்ற வகையோ, அவசரகால டீசல் யந்திரத்தைக் கிளப்புவது போன்ற செயல்களுக்கு உரியவை; அவை வருஷம் முழுவதும் செயலற்றுக் கிடந்து, ஒரு நாள், ஒரு கணம் மட்டும் எழுந்து வேலை செய்ய வேண்டும். செயலற்றுக் கிடப்பதிலும் நோய் உண்டு. தொடுமுனையின் வெள்ளி கறுக்கிறது, மசகு காய்ந்து பசையாகிறது, வில் சோர்கிறது. ஆக, விழித்திருப்பது சூட்டினால் கெடுகிறது, உறங்குவது உறக்கத்தால் கெடுகிறது.

கெட்டால் என்ன என்று கேட்கலாம். நீர்மின் நிலையத்தில் ஆபத்து நேர்ந்தால் தண்ணீர் வரும் வாயிலை அடைத்துவிடுகிறோம். சக்கரம் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. அப்பால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அணு உலையின் சுபாவம் வேறு. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கிய சில விநாடிகளில் அணுப்பிளவு நின்றுபோகிறது. எனினும், விறகு போடுவதை நிறுத்திய பின்னும் தேயிலை டிரையரின் அடுப்பு நெடுநேரம் அனல் வீசிக்கொண்டிருப்பதுபோல, பிளவினால் உண்டான கதிரியக்கப் பொருள்கள் எரிபொருளுக்குள் இருந்துகொண்டு வெப்பத்தைக் கக்கிய வண்ணமே இருக்கின்றன. நின்ற கணத்தில் அந்த வெப்பம் உலையின் முழு வெப்ப சக்தியில் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்கு. ஆயிரம் மெகாவாட் மின்சாரம் தரும் உலையொன்றின் வெப்ப சக்தி மூவாயிரம் மெகாவாட் அளவினது. அதில் நூற்றுக்கு ஆறேழு பங்கென்றால் ஏறக்குறைய இருநூறு மெகாவாட். கொத்மலை நிலத்தடி நிலையத்தின் மூன்று யந்திரங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரும் மின்சாரமே 201 மெகாவாட்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், "நின்றுவிட்ட" உலை என்பது எத்தகைய நிலை என விளங்கும். ஒரு நாள் கழிந்தால் அந்த வெப்பம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆயினும் அதையும் இறைத்தெடுக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீரைத் தள்ளப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எவ்வழியாக வந்து சேர வேண்டும் என்று தீர்மானிப்பவை ரிலேக்கள்.

இனி வழக்குக்கு வருவோம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், டெலவேர் நதிக் கழிமுகத்தில், சேலம் என்ற பெயருடைய அணுமின் நிலையம் ஒன்றிருக்கிறது; தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் தேதி நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், அந்நிலையத்தின் முதலாவது உலை குறைந்த சக்தியில் இயங்கிக்கொண்டிருக்கையில், நீராவிக் கலன் ஒன்றில் நீர்மட்டம் அளவுக்குக் கீழே தாழ்ந்தது. பாதுகாப்பு அமைப்பு அதைக் கண்டது. உலையை நிறுத்து என்று கட்டளையும் இட்டது. கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தூக்கிப் பிடித்திருக்கும் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்று இரண்டு முறிப்பான்கள் இருந்தன; அவற்றுள் எது ஒன்று திறந்தாலும் தண்டுகள் விழுந்து உலை நின்றுவிடும். இரண்டும் திறக்கவில்லை. அறையில் இருந்த ஊழியர்கள் நிலைமையை உணர்ந்து கையால் நிறுத்தும் பிடியைத் திருப்பினார்கள்; அதற்குள் சுமார் இருபத்தைந்து விநாடிகள் சென்றிருந்தன. கைப்பிடியின் கட்டளை வேறொரு சுருளின் வழியாகவும் செல்வதால், அது பலித்தது.

எவருக்கும் ஊறு நேரவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. ஆயினும் புலனாய்வாளர்கள் பழைய பதிவுத்தாள்களைப் புரட்டத் தொடங்கியபோதுதான் யாவரையும் திடுக்கிட வைத்த விஷயம் வெளிப்பட்டது. மூன்று நாட்களுக்கு முன்னர், 22ஆம் தேதியும், இதே முறிப்பான்கள் இதேபோலத் தவறியிருந்தன! அன்று தானியங்கிக் கட்டளை பிறந்த அதே வேளையில் ஊழியர் ஒருவர் கைப்பிடியையும் திருப்பிவிட்டார், உலை நின்றது, தானாகத்தான் நின்றது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். எந்தச் சமிக்ஞை எந்தக் கணத்தில் பிறந்தது, எந்த முறிப்பான் எப்போது திறந்தது என்று கணினி அச்சடித்துத் தந்த தாள் அவர்கள் கையில்தான் இருந்தது; அதை எவரும் அந்தக் கண்கொண்டு வாசிக்கவில்லை. உலையை மறுபடி ஓட்டினார்கள். அந்த மூன்று நாட்களும் அந்நிலையத்துத் தானியங்கிப் பாதுகாப்பு பெயரளவில் மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

காரணம் என்னவென்று முறிப்பானைப் பிரித்துப் பார்த்தபோது, அழுத்தம் இழந்ததும் விடுபட்டு முறிப்பானைத் திறக்கவேண்டிய சிறு காந்தப் பொறி, ரிலேயின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒன்று, தேய்ந்தும் மசகு குன்றியும் இறுகியிருந்தது தெரிந்தது. அதற்கு எவ்விதம் மசகு இட வேண்டும், எவ்விதம் துப்புரவு செய்ய வேண்டும் என்று 1974ஆம் ஆண்டிலேயே செய்நிறுவனம் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. அது பராமரிப்பு முறைகளுக்குள் உரியபடி இடம்பெறவில்லை. சம்பவம் நடந்த 1983ஆம் ஆண்டின் ஜூலையில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தது: உலை திட்டமின்றி நின்ற ஒவ்வொரு முறையும், நின்றதன் காரணத்தையும் ஒவ்வொரு சாதனமும் நடந்துகொண்ட விதத்தையும் பதிவுகளைக் கொண்டு நிச்சயித்துக்கொண்ட பின்னரே மறுபடி ஓட்டவேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் விதிதான். ஆனால் அதற்கு முன் அந்த விதி இல்லை.

ஒரு ரிலேயின்மேல் சந்தேகம் விழுந்ததும் இன்று நடைபெறும் விசாரணையை முறையாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் அதைத் தொடாதிருப்பதில்தான் தொடங்க வேண்டும். சம்பவத்துக்குப் பின் அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே புகைப்படம் எடுக்கிறார்கள். தொடுமுனை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, அறிகுறிக் கொடி விழுந்திருக்கிறதா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று எழுதிக்கொள்கிறார்கள். கம்பியைக் கழற்றுவதற்கு முன்னரே சுருளுக்கு வரும் அழுத்தத்தை அளக்கிறார்கள். தொடுமுனையின்மேல் படிந்த மெல்லிய படலம் ஒன்றுதான் குற்றத்துக்குக் காரணமாயின், ரிலேயை ஒரு முறை இயக்கிப் பார்த்தாலே அது தேய்ந்து மறைந்துவிடும்; பிறகு நூறு முறை இயக்கினாலும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். நம் ஸ்டோரில் திருப்புளிப் பிடி செய்யும் அபசாரம் இதுவே.

பிறகு காலக்கிரமம். அணு நிலையங்களில் நிகழ்ச்சி வரிசைப் பதிவு என்றொரு யந்திரம், ஒவ்வொரு தொடுமுனையின் அசைவையும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் குறித்து வைக்கிறது. ரிலே முதலில் அசைந்து மின்சாரம் நின்றதா, மின்சாரம் நின்றதால் ரிலே அசைந்ததா என்ற கேள்விக்கு மனிதர்களின் ஞாபகம் ஒருநாளும் நம்பத்தக்க விடை தராது. அந்தத் தாள் தரும். அதை வைத்துக்கொண்டு, சம்பவத்தை உண்டாக்கியிருக்கக்கூடிய காரணங்களையெல்லாம், எத்தனை அற்பமாகத் தோன்றினும், ஒரு மர வடிவில் எழுதுகிறார்கள்: சுருள், வில், தொடுமுனை, இணைப்புத் திருகு, கம்பி, பியூஸ், அழுத்தம், அமைவு அளவு, வரைபடம், அண்மையில் அங்கே வேலை செய்த மனிதர். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அதை ஆதரிக்கும் பிரமாணம் எது, மறுக்கும் பிரமாணம் எது என்று இரு பத்திகள். ஒரு காரணம் பிடித்திருக்கிறது என்பதற்காக மற்றவற்றை அடித்துவிட எவருக்கும் அதிகாரம் இல்லை.

அதன் பின்னரே ரிலே பரிசோதனைச் சாலைக்குச் செல்கிறது. எத்தனை வோல்ட்டில் எழுகிறது, எத்தனை வோல்ட்டில் விடுகிறது, எழுவதற்கு எவ்வளவு காலம் எடுக்கிறது, மூடிய தொடுமுனையின் தடை எத்தனை மில்லி ஓம் என்று அளந்து, புதிதாக இருந்தபோது எடுத்த அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். அலமாரிக்குள் இருந்த அதே சூட்டில் வைத்து மறுபடி அளக்கிறார்கள். உடைத்துத் திறப்பதற்கு முன் எக்ஸ்ரே படம் பிடிக்கிறார்கள். கடைசியிலேதான் மூடி திறக்கப்படுகிறது. தொடுமுனையில் பொரிந்து உருகிய குழிகள் காணப்பட்டால் அது அளவுக்கு மீறிய மின்சாரத்தை முறித்திருக்கிறது. கருமை படிந்திருந்தால் காற்றில் கந்தகம். பசுமை பூத்திருந்தால் ஈரம். அத்துடன் நில்லாது, அதே தொகுதியில் உற்பத்தியாகி அதே ஆண்டில் பொருத்தப்பட்ட ஏனைய ரிலேக்களையும் தேடிப்போய்ச் சோதிக்கிறார்கள். அணு நிலையத்தில் எதுவும் ஒற்றையாக இல்லை, நான்கு பாதைகளில் ஒன்று தவறினால் மூன்று இருக்கின்றன. ஆனால் நான்கிலும் ஒரே பட்டறையில் பிறந்து ஒரே சூட்டில் வெந்துகொண்டிருக்கும் ரிலேக்களே இருந்தால், அந்த நான்கு என்ற எண்ணிக்கை காகிதத்தில் மட்டுமே மெய்.

இவ்வளவு செய்தும் சில வேளைகளில் குறை அகப்படுவதில்லை. ரிலே எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடுகிறது. "குறை காணப்படவில்லை" என்று எழுதி அதைத் திரும்பப் பொருத்திவிடும் சபலம் அப்போதுதான் எழுகிறது. என் அபிப்பிராயத்தில் அந்த வாக்கியம் விசாரணையின் முடிவாக ஏற்கத்தக்கதன்று. ரிலே நிரபராதியாயின் குற்றவாளி இன்னும் வெளியே திரிகிறான் என்பதே அதன் பொருள்.

சுவீடனில் நடந்த விவகாரம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். ஸ்டொக்ஹோமுக்கு வடக்கே கடலோரத்தில் போர்ஸ்மார்க் அணுமின் நிலையம் உள்ளது. 2006 ஜூலை 25ஆம் தேதி பிற்பகல், நிலையத்துக்கு வெளியே 400 கிலோவோல்ட் முற்றத்தில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கையில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டிப்பான் திறக்கப்பட்டுவிட, பெரும் மின்வில் எழுந்து குறுக்குச் சுற்று உண்டாயிற்று. முதலாவது உலை வெளிக் கம்பியிலிருந்து அறுபட்டது. அக்கணத்தில் உள்ளே மின்னழுத்தம் முதலில் தாழ்ந்து, பின்பு வழக்கத்துக்கு மேலே துள்ளி எழுந்தது. அந்தத் துள்ளலில், ஒருபோதும் மின்சாரம் நிற்கக்கூடாத கருவிகளுக்கென்று மின்கல அடுக்குகளோடு அமைந்த நான்கு இடையறா மின்வழங்கிகளில் இரண்டு, தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பொருட்டு நின்றுபோயின. நான்கு டீசல் யந்திரங்களும் கிளம்பின. ஆனால் அவற்றுள் இரண்டைப் பம்புகளோடு இணைக்கும் கட்டளைக்கு வேண்டிய மின்சாரம், நின்றுபோன அந்த வழங்கிகளிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆகவே அவை வீணே ஓடின. கட்டுப்பாட்டறையில் திரைகள் பல இருண்டன. மிஞ்சிய இரண்டு பாதைகளைக் கொண்டே உலை குளிர்விக்கப்பட்டது. சுமார் இருபத்திரண்டு நிமிஷங்களின் பின் ஊழியர்கள் கையால் இணைப்பை மீட்டார்கள்.

விசாரணையில் ஒரு ரிலேயும் கூண்டில் ஏற்றப்பட்டது. சுழலி வேகம் குறைந்து அதிர்வெண் தாழும்போது ஜெனரேட்டரை அறுத்துவிட்டு நிலையத்தை வேறு கம்பிக்கு மாற்றிவிட வேண்டிய தாழ் அதிர்வெண் ரிலே அன்று வாளாவிருந்தது. 2005இல் புதிதாகப் பொருத்தப்பட்ட சாதனம் அது. பிரித்துப் பார்த்தால் ரிலேயில் ஒரு குறையும் இல்லை! மூன்று கட்ட மின்சாரத்தின் வரிசை அதற்கு மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. எனவே அது அளக்க வேண்டியதை அளக்க முடியவில்லை. அதைப் பொருத்தியவர்கள் கம்பியோடு சேர்த்து முழுமையாகச் சோதித்திருந்தால் ஓராண்டுக்கு முன்னரே அகப்பட்டிருக்க வேண்டிய பிழை. சர்வதேச அளவுகோலில் இச்சம்பவம் இரண்டாம் படியில் வைக்கப்பட்டது. புதிய ரிலேயை எடுத்துவிட்டு மற்றொரு புதிய ரிலேயைப் பொருத்தியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று வாசகர் யோசித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துப் பைரன் நிலையத்தில், 2012 ஜனவரி 30ஆம் தேதி, இன்னும் விசித்திரமான ஒரு நிலை ஏற்பட்டது. முற்றத்தில் ஒரு பீங்கான் காப்பு உடைந்து, மூன்று கட்டங்களில் ஒன்று மட்டும் அறுந்தது. தாழ் அழுத்த ரிலேக்கள் இரண்டும் ஒருமித்துச் சொன்னால்தான் மின்வழி மாற்றப்படும் என்பது அங்கு இருந்த ஏற்பாடு. ஒன்று கண்டது, மற்றது காணவில்லை. ஏறக்குறைய எட்டு நிமிஷம் அந்த ஊனமுற்ற மின்சாரத்தோடேயே பாதுகாப்புப் பம்புகள் பிணைந்து கிடந்தன. ஊழியர்கள் கையால் அறுத்த பின்னரே டீசல்கள் பொறுப்பேற்றன. ரிலேக்கள் தமக்குக் கற்பித்ததைப் பிசகாமல் செய்தன. கற்பித்தவர்களுக்குத்தான் இப்படியும் நடக்கும் என்று தோன்றவில்லை. 2005இல் அமெரிக்காவின் மில்ஸ்டன் அணுமின் நிலையத்தில் உலையை வீணே நிறுத்திய குற்றத்துக்குக் காரணமாக அகப்பட்டதோ, மின்னணு அட்டையொன்றில் வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைத்த, மயிரினும் நுண்ணிய ஓர் உலோக இழை.

நம் அயல்நாட்டில் நேர்ந்த பெரிய சம்பவம் ஒன்று வட இந்தியாவின் நரோரா அணுமின் நிலையத்தில், 1993 மார்ச் 31ஆம் தேதி அதிகாலையில் நடந்தது. சுழலியின் அலகுகள் ஒடிந்து, அதிர்ச்சியில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றி, அத்தீ கம்பிவழியே பரவிற்று. பிரதான மின்சாரத்தின் கம்பிகளும் அவசர மின்சாரத்தின் கம்பிகளும் தக்க தீத்தடுப்பு இன்றி ஒரே வழியில் சென்றமையால், இரண்டும் சேர்ந்து கருகின. பதினேழு மணி நேரம் அந்நிலையம் முற்றிலும் மின்சாரமற்றிருந்தது. ஊழியர்கள் கைவிளக்குகளோடு மேலே ஏறிச் சென்று உலைக்குள் போரான் கரைசலைத் திறந்துவிட்டதும், தீயணைப்புக்கென்றிருந்த டீசல் பம்புகளால் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஊட்டியதுமே அன்று காத்தன. அங்கே எத்தனை சிறந்த ரிலே இருந்திருந்தாலும் பயனில்லை. கட்டளை போகும் கம்பியே இல்லாமற் போயிற்று.

இலங்கையில் அணுமின் நிலையம் கிடையாது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் முதலாவது உலை 2013 ஒக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது; இங்கே அதைப் பற்றிய அச்சம் பேசப்படுவதுண்டு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நமக்கென்று ஓர் அணுசக்தி ஒழுங்குமுறைச் சபையும், 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு ஓர் அணுசக்தி ஒப்பந்தமும் உண்டாயின. இவை ஒருபுறம் இருக்க, ரிலேயை விசாரிக்கும் இந்தக் கலை நமக்கு இன்றே தேவைப்படுகிறது என்பது என் துணிபு.

இந்நாட்டு மின்சாரத்துக்கும் மலையகத்துக்கும் உள்ள சம்பந்தம் பழையது. மலைநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். லக்ஷபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கிற்று. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் அடியில் தோட்டக் காணிகள் அமிழ்ந்தன. அங்கிருந்து புறப்பட்ட கம்பிகள் லயங்களுக்கு மேலாகவே கொழும்புக்குச் சென்றன. கீழே லயங்களிலோ பல ஆண்டுகள் குப்பி லாம்புதான் எரிந்தது. இது வேறு கதை. சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நாடு முழுவதும் இருண்டு போகும் நாளில், வெளி மின்சாரத்தின் உதவியின்றித் தாமே எழுந்து மற்ற நிலையங்களை எழுப்ப வல்லவையும் இத்தகைய நீர்மின் நிலையங்களே.

அப்படி நாடு இருண்ட நாட்கள் அண்மையில் பல. 2020 ஓகஸ்ட் 17ஆம் தேதி, கெரவலப்பிட்டிய உபநிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த தவறு என்றார்கள். 2023 டிசம்பர் 9ஆம் தேதி, நம் கொத்மலையிலிருந்து பியகமவுக்குச் செல்லும் பெருங்கம்பியில் பழுது என்றார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்தது என்றார்கள். நாடெங்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நுரைச்சோலை மின் நிலையத்தின் மூன்று யந்திரங்களும் அன்று நின்றன. பின்னர் சில நாட்கள் மின்வெட்டு நடந்தது.

குரங்கு பாய்ந்திருக்கலாம், பழுது தொடங்கியதற்கு அது காரணமுமாகலாம். ஆனால் ஓர் உபநிலையத்தில் நேர்ந்த பழுது அந்த உபநிலையத்தோடு நிற்கும்படி செய்வதற்காகவே ரிலேக்கள் படைக்கப்பட்டிருக்கின்றன. அது ஏன் அங்கே நிற்கவில்லை, எந்த ரிலே எத்தனையாவது மில்லி விநாடியில் எதை அறுத்தது, அறுக்க வேண்டிய எது அறுக்காமல் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையின் சொற்பத் தேவையில் பெரும்பங்கு சூரிய மின்சாரமாக இருந்தமையால் தொகுப்பின் தாங்கு சக்தி எவ்வளவு குன்றியிருந்தது என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். சேலத்தில் 22ஆம் தேதித் தாளை வாசியாது விட்டவர்களுக்கு 25ஆம் தேதி வந்தது. ஒரு மிருகத்தின் பெயரையோ, ஒரு கீழ்நிலை ஊழியரின் பெயரையோ சொல்லி முடிகிற விசாரணையை அணு உலகத்தில் எவரும் விசாரணை என்று ஏற்கமாட்டார்கள். மின்சாரத்தில் மட்டும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

மின்சார சபையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் இத்தகைய சம்பவங்களைப் பற்றிக் குழுக்கள் அமைத்து ஆராய்ந்திருக்கின்றன. அந்த ஆராய்ச்சியின் முழு அறிக்கையும், நிகழ்ச்சி வரிசைப் பதிவுகளோடும், ஒவ்வொரு ரிலேயும் நடந்துகொண்ட விபரத்தோடும், மக்கள் வாசிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகையால் அது தமிழிலும் வெளிவர வேண்டும். அட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கும் தொழிற்கல்வி மாணவர்கள் அதைப் படித்துத் தொழில் கற்றுக்கொள்ளலாம்; ஸ்டோர் எலெக்ட்ரீசியனும் அடுத்த முறை ரிலேயைத் தட்டுவதற்கு முன் கொடி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, தேதியும் நேரமும் இட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பாராக.